கழிமுகத் தண்ணீரைச் சோதிப்பது எப்படி? அடையாறை வைத்து ஓர் அறிமுகம்

சென்னை ஆறுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது? பத்திரிகையில் ஒரு எண் வரும், 100 மி.லி.க்கு இத்தனை லட்சம் கோலிஃபார்ம் பாக்டீரியா என்று. படித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். ஆனால் அடையாறு கடலில் சேரும் இடத்தில், அதாவது பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவே, அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு உருப்படியாக எதையும் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் நின்று காலை ஆறு மணிக்கு ஒரு பாட்டில், மதியம் பன்னிரண்டுக்கு ஒரு பாட்டில் எடுத்துப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு தண்ணீர். ஒன்று ஊருக்குள்ளிருந்து இறங்கி வந்தது, மற்றது கடலிலிருந்து ஏறி வந்தது. எண் நூறு மடங்கு மாறியிருந்தாலும், ஆறு திருந்திவிட்டது என்றோ நாசமாகிவிட்டது என்றோ அதற்கு அர்த்தமில்லை.

அப்படியானால் முதலில் எதை அளப்பது? உப்பை. கிருமியையும் ஊட்டச்சத்தையும் (பாசிக்கு உரமாகிற நைட்ரஜன், பாஸ்பரஸ்) அளக்கப் போகிறவர் உப்பை அளக்காமல் வந்தால் அவர் குறிப்பேட்டில் இருப்பது பாதிக் கணக்குதான் என்பேன். ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

கழிமுகம் என்பது ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடம். சென்னைக் கடலில் நாளுக்கு இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை இறக்கம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏற்றத்தின் உயரம் பெரிதில்லை, அமாவாசை பௌர்ணமி சமயத்தில்கூட ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் அடையாறு சமதளத்தில் ஓடுகிற ஆறு, ஆகவே அந்த ஒரு மீட்டரே கடல் தண்ணீரை முகத்துவாரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளிவிடும். அப்படி வருகிற உப்புத் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் புகுந்து வரும், ஆற்றுத் தண்ணீர் அதன் மேலே மிதந்துகொண்டு வெளியே போகும். பாலத்திலிருந்து வாளியைக் கட்டி இறக்கி மேல்தண்ணீரை மட்டும் மொண்டால் கதையின் மேல்மாடி மட்டும்தான் கையில் கிடைக்கும்.

இதற்கு மேல் மணல் வேறு இருக்கிறது. அலைகள் கரையோரமாகத் தள்ளி வருகிற மணல் முகத்துவாரத்தை அடைக்கும். மழைக்காலத்தில் ஆறு வேகமாக வந்து அதை உடைத்துத் திறக்கும், கோடையில் தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லாமல் மறுபடி மூடிக்கொள்ளும். பொக்லைன் வைத்து வாயைத் தோண்டிவிடும் படம் வருடா வருடம் பத்திரிகையில் வருவது இதனால்தான். வாய் மூடியிருக்கும்போது உள்ளே இருப்பது ஆறுமில்லை கடலுமில்லை, தேங்கிய குட்டை.

அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் ஓடி வருகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் அதில் உண்மையான ஆற்றுத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வரும். மற்ற மாதங்களில் ஓடுவதில் பெரும்பகுதி ஊர் விடுகிற தண்ணீர்: நெசப்பாக்கம் போன்ற சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வருவது ஒரு பங்கு, மழைநீர் வடிகால்கள் வழியாகச் சுத்திகரிக்காமலே வருவது இன்னொரு பங்கு. சென்னையில் சாக்கடைக் குழாயும் மழைநீர் வடிகாலும் தனித்தனி, காகிதத்தில். நடைமுறையில் வடிகாலுக்குள் திருட்டுத்தனமாக விடப்பட்ட கழிவுநீர் மழையே இல்லாத மே மாதத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். நியூயார்க்கில் நிலைமை தலைகீழ். அங்கே நகரத்தின் பெரும்பகுதியில் இரண்டுக்கும் ஒரே குழாய், வெயில் நாளில் எல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும், பெருமழை பெய்தால் மட்டும் குழாய் நிரம்பி ஹட்சன் கழிமுகத்தில் வழியும். ஆகவே அங்கே மழைக்கு மறுநாள் கிருமி ஏறும். இங்கே மழை இல்லாததே பிரச்சினை. வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தை அப்படியே பிரதி எடுத்து "மழைக்குப் பின் மாதிரி" என்று திட்டம் போடுகிற கல்லூரி புராஜெக்ட்டுகளைப் பார்க்கும்போது இதைத்தான் சொல்லத் தோன்றும்.

இப்போது கிருமிக்கு வருவோம். தண்ணீரில் காலரா இருக்கிறதா, டைபாய்டு இருக்கிறதா, மஞ்சள் காமாலை வைரஸ் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடுவது நடக்காத காரியம். செலவு அதிகம், நாள் பிடிக்கும், இருந்தாலும் கொஞ்சமாக இருக்கும், தவறவிடுவோம். அதனால் மலத்தில் எப்போதும் ஏராளமாக இருக்கிற, பெரும்பாலும் தீங்கில்லாத ஒரு பாக்டீரியாவைத் தேடுகிறோம். அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது, மலம் கலந்திருந்தால் நோய்க்கிருமியும் இருக்கலாம், அவ்வளவுதான் தர்க்கம். கோலிஃபார்ம், அதற்குள் மலக் கோலிஃபார்ம், அதற்குள் ஈ.கோலை, தனியாக என்டெரோகாக்கஸ் என்று பல சுட்டிகள், அதாவது மலத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாள பாக்டீரியாக்கள், உண்டு. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிப்பதற்கான ஆற்றுத் தண்ணீருக்கு 100 மி.லி.க்கு மொத்தக் கோலிஃபார்ம் 500 என்றும், குளிக்கிற கடலோரத் தண்ணீருக்கு மலக் கோலிஃபார்ம் 100 என்றும் வரம்பு வைத்திருக்கிறது. சுத்திகரிக்காத பச்சைச் சாக்கடையில் மலக் கோலிஃபார்ம் பல லட்சத்திலிருந்து கோடி வரை இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறோம் என்பதுதான் அளவீடு.

அளப்பது எப்படி? இங்கே பெரும்பாலான ஆய்வகங்களில் பழைய குழாய் முறைதான். பாக்டீரியா வளர்வதற்கான, லாக்டோஸ் (பால் சர்க்கரை) சேர்ந்த திரவ ஊடகத்தைச் சோதனைக் குழாய்களில் ஊற்றி, ஒவ்வொன்றுக்குள்ளும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு இன்னொரு சின்னக் குழாயைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள், டர்ஹாம் குழாய் என்று பெயர். தண்ணீர் மாதிரியைச் சேர்த்து 35 டிகிரியில் வைத்தால், கோலிஃபார்ம் லாக்டோஸைத் தின்று வாயு விடும், வாயு அந்தத் தலைகீழ்க் குழாயின் உச்சியில் குமிழாகச் சேரும். 48 மணி நேரம் வரை பார்க்கலாம். குமிழ் வந்த குழாயிலிருந்து ஒரு துளி எடுத்து வேறு ஊடகத்தில் 44.5 டிகிரியில் வைத்து, அங்கேயும் வாயு வந்தால் மலக் கோலிஃபார்ம் என்று கொள்வார்கள், அந்தச் சூட்டில் மற்றவை பெரும்பாலும் தாங்காது. மூன்று நீர்த்த அளவுகளில் ஐந்தைந்து குழாய், எத்தனை குழாயில் குமிழ் வந்தது என்று எண்ணி அட்டவணையில் பார்த்தால் "இருக்க வாய்ப்புள்ள எண்ணிக்கை" கிடைக்கும். இதைத்தான் எம்.பி.என். என்கிறார்கள்.

பெயரே சொல்கிறபடி அது வாய்ப்புக் கணக்கு. அட்டவணையில் 110 என்று வந்தால் உண்மையில் 40 ஆகவும் இருக்கலாம், 300 ஆகவும் இருக்கலாம். போன மாதம் 110, இந்த மாதம் 90, முன்னேற்றம் என்று அறிக்கை எழுதினால் சிரிக்கத்தான் வேண்டும். இன்னொன்று: 10, 1, 0.1 மி.லி. என்ற வழக்கமான அளவுகளில் போட்டு எல்லாக் குழாயிலும் குமிழ் வந்தால் அட்டவணை "1,600க்கு மேல்" என்று மட்டும் சொல்லும். அது 1,700 ஆக இருக்கலாம், 17 லட்சமாகவும் இருக்கலாம். அடையாற்றுத் தண்ணீரைப் பத்தாயிரம் மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல் நீர்க்கச் செய்யாமல் போட்டால் கிடைப்பது இந்த உபயோகமில்லாத பதில்தான்.

கழிமுகத்தில் சுட்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஈ.கோலைக்கு உப்பும் வெயிலும் ஆகாது. கடல் தண்ணீரில் நல்ல வெயிலில் விட்டால் சில மணி நேரத்திலேயே பத்தில் ஒன்பது பங்கு செத்துவிடும், ராத்திரியிலோ கலங்கிய தண்ணீரிலோ நாள் கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும். ஆனால் கூடவே வந்த வைரஸ்கள் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அதாவது சுட்டி செத்துப்போய், அது சுட்ட வேண்டிய ஆபத்து உயிரோடு இருக்கும். என்டெரோகாக்கஸ் உப்பைக் கூடுதலாகத் தாங்கும் என்பதால் அமெரிக்காவில் கடல் குளியலுக்கு அதைத்தான் பார்க்கிறார்கள், 100 மி.லி.க்குச் சராசரியாக 35க்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே பரிந்துரை. இதிலும் நம்மூர்ச் சூட்டுக்கு ஒரு எச்சரிக்கை வேண்டும்: வெப்பமண்டலத்தில் இந்தப் பாக்டீரியாக்கள் சேற்றிலும் மண்ணிலும் தங்கிப் பிழைக்கும், சில நேரம் பெருகவும் செய்யும். மீன்பிடிப் படகு ஒன்று போய்ச் சேற்றைக் கிளறிவிட்டாலே எண்ணிக்கை ஏறும், புதிதாகச் சாக்கடை எதுவும் வராமலே.

இனி ஊட்டச்சத்து. இங்கே அது முக்கியமாக நைட்ரஜனும் பாஸ்பரஸும். ஒரு மனிதர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 கிராம் நைட்ரஜனை வெளியேற்றுகிறார், பெரும்பங்கு சிறுநீரில். யூரியாவாகப் போவது சாக்கடைக்குள்ளேயே அம்மோனியாவாக மாறிவிடும். அதன் பிறகு அதை எடுத்துக்கொள்ளப் பாக்டீரியாக்கள் வரிசையில் நிற்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், அடுத்த கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டு வேலைக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். அப்புறம் ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் வாழ்கிற வேறொரு கூட்டம் நைட்ரேட்டைச் சுவாசித்து நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். அங்கே போனால்தான் கழிவு நைட்ரஜன் உண்மையில் ஆற்றை விட்டுப் போனதாகக் கணக்கு, அதுவரை உருவம் மாறுகிறதே தவிர ஆள் அங்கேயேதான். வழியில் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்ஸைடாக நழுவினால் அது வேறு தலைவலி, புவி வெப்பமாவதில் அதன் வீரியம் கரியமில வாயுவைப் போல 270 மடங்குக்கு மேல்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆறே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் போலிருக்கிறதே என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இடிக்கும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்ஸிஜன் தேவை. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் இருந்தால், சாக்கடைத் தண்ணீருக்கு அது சாதாரணம், 90 மி.கி.க்கு மேல் ஆக்ஸிஜன் வேண்டும். 30 டிகிரியில் நல்ல தண்ணீரே முழுக்க நிறைந்தாலும் லிட்டருக்கு 7.5 மி.கி.தான் தாங்கும், கடல் தண்ணீர் 6.2. மிச்சத்தைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல வாங்க வேண்டும். அதற்குள் சாக்கடையில் உள்ள மற்ற அழுக்கைத் தின்கிற பாக்டீரியாக்கள் இருப்பதையும் குடித்துத் தீர்த்துவிடும். ஆகவே சங்கிலி முதல் கண்ணியிலேயே நின்றுவிடுகிறது, அம்மோனியா அம்மோனியாவாகவே கடலுக்குப் போகிறது.

ஆக்ஸிஜன் தீர்ந்ததை அளக்கிற வின்க்ளர் முறை 1888இலிருந்து இருக்கிறது, இன்றும் அதைவிட நம்பகமானது அதிகமில்லை. கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீரை நிரப்பி, அங்கேயே கரையில் நின்று மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்துக் குலுக்கினால் மாவு மாதிரி படிவு இறங்கும். ஆக்ஸிஜன் இருந்தால் படிவு பழுப்பு நிறம். இல்லையென்றால் வெள்ளை. கலப்பு குறைந்த ஒரு கோடை நாளில் மேல்தண்ணீர்க் குப்பி பழுப்பாகவும் அடித்தண்ணீர்க் குப்பி பாலாக வெளுத்தும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால், டைட்ரேஷன் (துளித்துளியாக ரசாயனம் விட்டு அளவைக் கணக்கிடுவது) செய்யாமலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஆக்ஸிஜனும் நைட்ரேட்டும் தீர்ந்த பிறகு சேற்றுப் பாக்டீரியா சும்மா இருக்காது, சல்பேட்டைச் சுவாசிக்கும். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது, தீராத கிடங்கு. வெளியே வருவது ஹைட்ரஜன் சல்பைடு, அதுதான் அழுகிய முட்டை நாற்றம். சேறு கரியாக இருப்பதும் இரும்போடு சேர்ந்த சல்பைடால்தான். இதில் ஒரு வேடிக்கை, நாற்றத்துக்கான மூலப்பொருளில் பாதி சாக்கடை என்றால் மீதிப் பாதி கடல் கொண்டுவந்து கொடுத்தது. அதே சமயம் சேற்றில் இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பேட்டும், ஆக்ஸிஜன் போனதும் பிடி விட்டுத் தண்ணீருக்கு ஏறிவிடும். பல வருடம் சேர்ந்த படிவு இது, இன்றைக்கே எல்லாக் கழிவுநீர்க் குழாயையும் அடைத்தாலும் அடியிலிருந்து சத்து கொஞ்ச காலம் வந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு சத்து இருந்தால் பாசி விடுமா? வாய் மூடித் தண்ணீர் தேங்கும் நாட்களில் பச்சைப் பசேலென்று ஆகிவிடும். மதியம் போய் ஆக்ஸிஜன் மீட்டரை விட்டால் 10 மி.கி.க்கு மேல்கூடக் காட்டலாம், பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஊதித் தள்ளுகிறது. அதே இடத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஏறக்குறைய பூஜ்யம், ஏனென்றால் ராத்திரி முழுக்க அதே பாசி சுவாசித்திருக்கிறது. அலுவலக நேரத்தில் மட்டும் மாதிரி எடுத்தால் ஆறு ஆரோக்கியமாகத்தான் தெரியும். பகலில் பாசி தண்ணீரின் பி.எச்.சையும் (அமில, காரத் தன்மையின் அளவு) ஏற்றிவிடும். பி.எச். 7இல் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, 9 ஆனால் ஏறக்குறைய 40 பங்கு. மடவையும் ஜிலேபிக் கெண்டையும் கூட்டமாகச் செத்து மிதக்கும்போது "யாரோ விஷத்தைக் கலந்துவிட்டார்கள்" என்று பேச்சு கிளம்பும். யாரும் கலக்காமலே இது நடக்கும். முதல் மழை அடிச்சேற்றைக் கிளறிவிட்டு இருந்த கொஞ்ச ஆக்ஸிஜனையும் உறிஞ்சினாலும் நடக்கும்.

சரி, உப்பு. முகத்துவாரத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை பல இடங்களில், ஒரே ஏற்ற நேரத்தில், மாதிரி எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். வரைபடத்தாளில் கிடைக்கோட்டில் உப்புத்தன்மை, நெடுக்கோட்டில் அம்மோனியா. ஆற்று முனையில் உப்பு 0, அம்மோனியா 20 மி.கி. கடல் முனையில் உப்பு 34 (கிலோ தண்ணீருக்கு 34 கிராம்), அம்மோனியா கிட்டத்தட்ட 0. (கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான்.) இரண்டு முனையையும் நேர்கோட்டால் இணையுங்கள். நடுவில் எதுவும் நடக்காமல் வெறுமனே கலப்பு மட்டும் நடந்திருந்தால், உப்பு 17 உள்ள இடத்தில் அம்மோனியா சரியாக 10 இருக்க வேண்டும், எல்லாப் புள்ளியும் கோட்டின் மேல் உட்கார வேண்டும். ஏனென்றால் உப்பை எந்தப் பாக்டீரியாவும் தின்பதில்லை, உப்பு சாவதில்லை, ஆவியாவதில்லை. ஒவ்வொரு பாட்டிலிலும் கடல் எத்தனை பங்கு, ஆறு எத்தனை பங்கு என்று அது மட்டும்தான் நேர்மையாகச் சொல்லும்.

இப்போது 17இல் அளந்தால் 10க்குப் பதில் 6 வருகிறது. 4 மி.கி. எங்கே? உடனே நைட்ரேட் வரைபடத்தைப் பாருங்கள். அங்கே கோட்டுக்கு மேலே சுமார் 4 ஏறியிருந்தால் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக்கியிருக்கிறது, நைட்ரஜன் இன்னும் தண்ணீரில்தான். ஏறவில்லை என்றால் பாசி தின்றிருக்கலாம், பச்சையத்தை அளந்தால் தெரிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் வாயுவாகப் போயிருக்க வாய்ப்பு. மாறாக 10க்குப் பதில் 14 வந்தால்? நடுவில் எங்கேயோ ஒரு வாய்க்கால் கொட்டுகிறது, அல்லது சேறு விடுகிறது. வரைபடத்தில் அந்தப் புள்ளி எந்த இடத்தின் மாதிரியோ அங்கே கரையோரம் நடந்து போய் வடிகால் வாயைத் தேட வேண்டியதுதான். பக்கிங்ஹாம் கால்வாய் அடையாற்றைச் சந்திக்கிற இடம் போன்ற சந்திப்புகளுக்கு மேலும் கீழும் மாதிரி எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். பாக்டீரியாவுக்கும் இதே வித்தைதான். கலப்பின்படி 50 லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 5 லட்சம் என்றால், பத்தில் ஒன்பது பங்கு செத்தது அல்லது சேற்றில் இறங்கியது. 50 லட்சமே இருந்தால் ஒன்றுமே சாகவில்லை, கடல் வெறுமனே நீர்க்கச் செய்துகொண்டிருக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும்: ஆற்று முனையின் அளவு அந்த நாட்களில் ரொம்ப ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். பெரிய மழைக்கு அடுத்த நாள் போட்ட கோடு நம்பத்தகாது.

கிருமியையும் சத்தையும் சேர்த்து ஏன் பார்க்க வேண்டும் என்பதும் இங்கேதான் பிடிபடும். இரண்டும் ஒரே சாக்கடையிலிருந்துதான் வருகின்றன, ஆனால் ஒன்று சாகிறது, மற்றது உருமாறுகிறது. ஈ.கோலையும் அதிகம், அம்மோனியாவும் அதிகம், நைட்ரேட் இல்லை என்றால் பக்கத்திலேயே பச்சைச் சாக்கடை, சில மணி நேரத்துக்கு முன் கலந்தது. ஈ.கோலை குறைவு, ஆனால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகம் என்றால் பழைய கழிவு, அல்லது சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர். வழக்கமான இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு, தண்ணீரில் உள்ள கரிமக் கழிவைக் குறைக்கும், குளோரின் போட்டால் கிருமியும் போகும். நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுப்பதற்கென்று தனி ஏற்பாடு இல்லாவிட்டால் அவற்றில் பெரும்பகுதி அப்படியே வெளியே வரும். கோலிஃபார்ம் எண்ணை மட்டும் பார்த்துச் "சுத்தம்" என்று கைதட்டிக்கொண்டிருக்கும்போது கீழே பாசி விட்டுக்கொண்டிருக்கும். அடையாறு சிற்றோடைப் பக்கம் பூங்கா அமைத்துச் சதுப்புக் காட்டுச் செடி வைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த வகைச் சேற்றில் மேலே சில மில்லிமீட்டர் ஆக்ஸிஜன், கீழே ஒன்றுமில்லை என்ற அமைப்பு நைட்ரஜனை வாயுவாக்கி விரட்ட அருமையான இடம். ஆனால் அந்த மேலடுக்கு ஆக்ஸிஜனையே தின்கிற அளவுக்குக் கழிவு வந்துகொண்டிருந்தால் செடியால் என்ன செய்ய முடியும்? முதலில் வடிகால் வாய்களை அடைக்க வேண்டும், பூங்கா அப்புறம்.

மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். கிளம்பும் முன் ஏற்ற இறக்க நேர அட்டவணையைப் பாருங்கள், எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்று பாட்டில் மேலேயே எழுதுங்கள். கிருமிக்கான பாட்டில் வேறு, சத்துக்கான பாட்டில் வேறு. முதலாவது நுண்ணுயிர் நீக்கியது, தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து வாயை வைத்து, ஒரு அடி ஆழத்தில் திறந்து, மேலே கொஞ்சம் காற்றிடம் விட்டு மூட வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், சென்னை டிராஃபிக்கையும் சேர்த்துத் திட்டம் போடுங்கள். இரண்டாவது அமிலத்தில் கழுவியது, அங்கேயே வடிகட்டி உறைய வைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே பாக்டீரியா அம்மோனியாவைத் தின்றுகொண்டிருக்கும். மேல்தண்ணீர், அடித்தண்ணீர் இரண்டும் எடுங்கள். கையுறை கட்டாயம், காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். ஆய்வகத்தில் எண்ணி முடித்த குழாய்களை அப்படியே சிங்கில் கொட்டக் கூடாது, உள்ளே இருப்பவை இரண்டு நாளில் பல மடங்கு பெருகியிருக்கும். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலம்) 121 டிகிரியில் 30 நிமிடமாவது வைத்து எடுத்த பிறகுதான் கழுவப் போட வேண்டும்.